22 பக்க புரொப்போசலை எந்த முதலாளியும் படிக்க மாட்டார்

கேட்டவர் கோவையில் இரண்டு வருடமாக வெப்சைட் செய்துகொடுப்பவர். கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனி, அப்பா காலத்துத் தொழில், வெப்சைட் ரொம்பப் பழசு. பார்த்துப் பார்த்து 22 பக்கத்துக்கு ஒரு புரொப்போசல் செய்து மெயிலில் அனுப்பியிருக்கிறார். "பார்த்துட்டுச் சொல்றோமுங்க" என்று ஒரு வரி வந்திருக்கிறது, அதோடு மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. வெப்சைட்டைப் புதுப்பிக்கிற வேலையையும் எஸ்.இ.ஓ.வையும் (கூகுள் மாதிரித் தேடலில் தளத்தை மேலே கொண்டுவருகிற வேலை) சேர்த்து எப்படிப் பேசி வாங்குவது, எங்கே தப்பு செய்தேன் என்று கேட்கிறார்.

நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், ஆரம்பத்தில் நானும் இதே மாதிரி பக்கம் பக்கமாக அனுப்பி ஏமாந்தவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மெயில் போய்ச் சேர்ந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். ஓரளவு பெயருள்ள எந்த கம்பெனியின் இன்பாக்ஸிலும் "உங்கள் வெப்சைட்டைச் சோதித்தோம், பல பிழைகள் இருக்கின்றன, முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மெயில் வந்து குவிந்துகொண்டே இருக்கும். உங்கள் 22 பக்கமும் அந்தக் குப்பையோடு குப்பையாகத்தான் விழுந்திருக்கும். ஏதோ ஒரு டூலில் ஓட்டி எடுத்த, சிவப்பு சிவப்பாக எச்சரிக்கை போட்ட ரிப்போர்ட்டை நீங்களும் இணைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால், அந்த கம்பெனியைப் பற்றி, அந்த கம்பெனிக்கு மட்டுமே பொருந்துகிற ஏதோ ஒன்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு டூல் எதுவும் வேண்டாம், ஒரு போன் போதும். வெப்சைட்டில் இருக்கும் விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். பொய்யாக ஒரு டீலர் பெயரில் வேண்டாம், பிற்பாடு தெரிந்தால் அசிங்கம். உங்கள் சொந்தப் பெயரிலேயே "படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க அனுப்புகிறேன், கிடைத்தால் ஒரு வரி பதில் போடுங்கள்" என்று எழுதுங்கள். நான் பார்த்தவரை பாதிக்குப் பாதி இடத்தில் பதிலே வராது. படிவம் போய்ச் சேருவது நாலு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒரு மார்க்கெட்டிங் பையனின் மெயில் முகவரிக்கு, அதை யாரும் திறப்பதே இல்லை. இந்த ஒரு விஷயத்தை முதலாளியிடம் நேரில் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அது வடிவமைப்பு பற்றிய அபிப்பிராயம் இல்லை, கதவைத் தட்டிய வியாபாரம் திறக்க ஆளில்லாமல் திரும்பிப் போன கதை.

அடுத்தது தேடல். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், சொந்தப் பெயருக்கு முதலில் வருவது ஒரு சாதனையே இல்லை. வாங்குகிறவன் என்ன போட்டுத் தேடுவான்? விவசாயி ஆழத்தையும் எச்.பி.யையும் போட்டுத் தேடுவார், பல சமயம் தமிழில், அதுவும் வாயால் பேசியே. டீலர் விலைப்பட்டியல் கேட்டுத் தேடுவார். டெண்டர் போடுகிற கான்ட்ராக்டர் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034, ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 14220, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்று தரநிலை எண்ணையே போட்டுத் தேடக்கூடியவர். இந்த வார்த்தைகளும் எண்களும் அந்த வெப்சைட்டில் எங்கேயாவது எழுத்தாக இருக்கின்றனவா? பெரும்பாலும் இருக்காது. முகப்பில் கைகுலுக்கும் இரண்டு வெள்ளைக்காரர்கள் படமும் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்ற வரியும் இருக்கும், எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்கிற ஹெட், டிஸ்சார்ஜ் அட்டவணை முழுக்க ஸ்கேன் செய்த கேட்டலாக்கில் படமாக ஒட்டியிருக்கும். அந்தப் பட்டியலை முறையாக, மாடலுக்கு ஒரு பக்கமாக, எழுத்தாகவே போட்டாலே எஸ்.இ.ஓ.வில் பெரிய பகுதி முடிந்த மாதிரிதான். இதைத்தான் நீங்கள் விற்கப்போகிறீர்கள் என்பதை முதலில் நீங்களே நம்ப வேண்டும்.

தமிழ்ப் பக்கம் இருந்தால் அதையும் ஒரு கண் பாருங்கள். பழைய தளங்களில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் இன்னும் கிடக்கிறது; அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் குப்பையாகத் தெரியும், தேடுபொறிக்கும் அது குப்பைதான். இல்லாவிட்டால் டிசைனர் தமிழ் முழுவதையும் படமாக்கி ஒட்டியிருப்பார். வாடிக்கையாளரில் பாதிப்பேர் விவசாயிகள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் நூற்றுக்கு 31 என்று வருவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நீட்டாதீர்கள். முதலாளி அதைப் பரீட்சை மார்க் மாதிரி பார்ப்பார், நீங்கள் வேலை முடித்த பிறகு 78 வந்தால் "ஏன் தம்பி நூறு வரலை" என்று கேட்பார். அந்த மார்க் ஒரு சோதனைச் சூழலில் எடுப்பது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். கூகுள் உண்மையான பயனர்களிடமிருந்து அளப்பது வேறு மூன்று: பக்கத்தின் பெரிய பகுதி கண்ணில் பட 2.5 விநாடிக்குள், தொட்டால் பதில் வர 200 மில்லிவிநாடிக்குள், பக்கம் குதிக்கிற அளவு 0.1-க்குள். இதில் நடுவில் உள்ளது 2024 மார்ச்சில்தான் பழைய அளவுகோலுக்குப் பதிலாக வந்தது, அதனால் இன்னும் பழைய பெயரோடு ரிப்போர்ட் கொடுக்கிறவர்களைப் பார்த்தாலே அவர்கள் எவ்வளவு படிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் இந்த மூன்றையும் முதலாளியிடம் ஒப்பிக்க வேண்டாம். அவருடைய போனை வாங்கி, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அவருடைய சொந்த வெப்சைட்டைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். நாலு எம்.பி. போட்டோ இறங்குகிற வரை அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

போன் முக்கியம் என்பதற்கு அவர் ஆதாரம் கேட்டால் ஒரே வரி போதும்: கூகுள் ஒரு தளத்தைப் படிப்பதே இப்போது மொபைல் வடிவத்தைத்தான், 2016-ல் அறிவித்து 2023 அக்டோபரில் அந்த மாற்றம் முடிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள்.

சரி, நேரில் போகிறீர்கள். அங்கே யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு போங்கள். முதலாளி, படித்துவிட்டு வந்து தொழிலில் உட்கார்ந்திருக்கும் மகனோ மகளோ, சில சமயம் கணக்குப் பார்க்கிறவர். பழைய வெப்சைட்டைத் திட்டவே திட்டாதீர்கள். அதைச் செய்தது முதலாளியின் மச்சினனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், ஏன், எதிரில் உட்கார்ந்திருக்கிற மகனே காலேஜ் படிக்கும்போது செய்ததாகக்கூட இருக்கலாம். நான் ஒரு முறை "இதை யாருங்க செஞ்சது" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன், டீ வருவதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது. "அப்போதைக்குச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், இப்போது தேடுகிற விதம் மாறிவிட்டது" என்பது உண்மையும்கூட, யாரையும் புண்படுத்தாத பேச்சும்கூட.

அப்புறம் லேப்டாப்பைத் திறக்காமல் கேள்வி கேளுங்கள். இப்போது ஆர்டர் எந்த வழியில் வருகிறது? எந்தப் பம்பில் லாபம் நிற்கிறது, எதை வேறு வழியில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? புதிதாக எந்த மாவட்டத்தில், எந்த மாநிலத்தில் டீலர் வேண்டும்? ஒரு டீலர் வந்தால் வருடத்துக்கு எத்தனை பம்ப் எடுப்பார்? விசாரணை வந்தால் போனை எடுப்பது யார்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வந்த அழைப்பை எடுக்க ஆள் இல்லாத கம்பெனிக்கு எஸ்.இ.ஓ. செய்து கொடுத்தால் ஆறு மாதம் கழித்து "உங்களால் ஒண்ணும் நடக்கலையே" என்ற பழி உங்கள் தலையில்தான் விழும்.

அவர் சொல்லும் பதிலிலிருந்தே கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு டீலரால் வருடத்துக்கு இரண்டு லட்சம் லாபம் நிற்கும் என்று அவரே சொன்னால், வெப்சைட் மூலம் வருடத்துக்கு இரண்டு டீலர் வந்தால் என்ன என்று அவரே பெருக்கிக்கொள்வார். அந்தக் கணக்கை நீங்கள் சொன்னால் அது விற்பனைப் பேச்சு, அவர் வாயாலேயே வந்தால் அது அவருடைய கணக்கு. ஏற்கெனவே இந்தியாமார்ட்டுக்கோ ஜஸ்ட்டயலுக்கோ வருடச் சந்தா கட்டிக்கொண்டிருப்பார், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அங்கே ஒரே விசாரணை பல சப்ளையர்களுக்குப் போகக்கூடும், சொந்த வெப்சைட்டுக்கு வருகிறவன் அவரை மட்டும் பார்த்து வருகிறான் என்ற வித்தியாசத்தைச் சொன்னால் போதும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: இரண்டையும் ஏன் சேர்த்து விற்க வேண்டும். நிறையப் பேர் மறுவடிவமைப்பை ஒரு பொருளாகவும் எஸ்.இ.ஓ.வை அதன் மேல் வைக்கிற கூடுதல் டாப்பிங் மாதிரியும் பேசுகிறார்கள், முதலாளியும் "முதல்ல டிசைன் முடிங்க, அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அங்கேதான் ஆபத்து. பழைய தளம் எவ்வளவு கண்றாவியாக இருந்தாலும், அதன் ஏதோ நாலு பக்கத்துக்குத் தேடலில் ஒரு இடம் இருக்கும், அதன் வழியாக மாதம் நாலு போன் வந்துகொண்டிருக்கும், அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரியாது. புதுத் தளம் போடும்போது அந்தப் பக்கங்களின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பிவிடுகிற 301 ரீடைரக்ட் போடாவிட்டால், அந்த நாலு போனும் நின்றுவிடும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளருக்கு நான் இதைத்தான் செய்தேன். தளம் பளபளவென்று இருந்தது, எல்லாரும் பாராட்டினார்கள், விசாரணை மட்டும் காய்ந்துபோனது. பழைய முகவரிகள் அத்தனையும் "பக்கம் இல்லை" என்று வந்துகொண்டிருந்ததை நான் கண்டுபிடித்தது இரண்டு மாதம் கழித்து. சரிசெய்தேன், ஆனால் அந்த இரண்டு மாதத்துக்கு யாரிடமும் பதில் இல்லை.

ஆகவே பேச்சில் இந்தக் கதையைச் சொல்லுங்கள் (உங்களுடையது இல்லையென்றால் என்னுடையதையே சொல்லுங்கள், பெயர் வேண்டாம்). கூடவே நீங்கள் செய்யப்போவதையும் வரிசையாகச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன், தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் எந்தப் பக்கத்துக்கு எந்தத் தேடலில் எத்தனை கிளிக் வருகிறது என்று எடுத்து வைப்பது, அது பதினாறு மாதத் தரவு தரும். பழைய பக்கம் ஒவ்வொன்றும் புதுத் தளத்தில் எங்கே போகிறது என்று ஒரு எக்ஸல் பட்டியல். அந்த ரீடைரக்ட்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்காமல் வைப்பது, இது கூகுளே சொல்வது. புதுத் தளத்தைத் தயாரிக்கும்போது தேடுபொறி உள்ளே வராமல் போட்ட தடையை வெளியிடும் நாளில் மறக்காமல் எடுப்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் தளமே தேடலிலிருந்து காணாமல்போன பல கேஸ்களுக்கு அந்தத் தடைக்காகப் போட்டு எடுக்க மறந்த ஒரு டிக் மார்க்தான் காரணம். இவை எல்லாமே எஸ்.இ.ஓ. வேலை, இவை எல்லாமே டிசைன் முடிவதற்கு முன் நடக்க வேண்டியவை. பிரித்து விற்க முடியாது என்பது உங்கள் விற்பனைத் தந்திரம் இல்லை, வேலையே அப்படி.

ஏறக்குறைய இந்த இடத்தில் அவர் கேட்பார்: "மத்தவங்க மூணு மாசத்துல ஃபர்ஸ்ட் பேஜுங்கறாங்க, நீங்க எத்தனை மாசம்?" முதலிடம் தருகிறேன் என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது, பலன் தெரிய பொதுவாக நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றும் அவர்கள் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதை அப்படியே சொல்லிவிட்டு, "எந்த வார்த்தைக்கு ஃபர்ஸ்ட் பேஜ்னு அவங்ககிட்டக் கேட்டீங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். யாருமே தேடாத ஒரு வார்த்தைக்கு முதல் பக்கம் கொண்டுவருவது ஒரு வாரத்து வேலை. ஐந்நூறு தளத்தில் லிங்க் போடுகிறேன் என்கிற பேக்கேஜ் பற்றியும் கேட்பார். 2012-ல் பெங்குவின் என்ற மாற்றத்திலிருந்தே கூகுள் அதைப் பின்னால் தள்ளத் தொடங்கிவிட்டது. அதற்குப் பதில் கோவைத் தொழில் சங்கங்களான கொடிசியாவிலோ சீமாவிலோ உறுப்பினராக இருந்தால் அங்குள்ள பட்டியலில் வெப்சைட் முகவரி சரியாக இருக்கிறதா, டீலர்களின் தளங்களில் கம்பெனி பெயர் லிங்க்கோடு இருக்கிறதா என்று பார்ப்பது எவ்வளவோ மேல். செலவே இல்லாத வேலை, யாரும் செய்வதில்லை.

மகன் கேட்கப்போவது வேறு: "இப்ப எல்லாரும் சாட்ஜிபிடில தானே கேக்குறாங்க, எஸ்.இ.ஓ. இன்னும் எதுக்கு?" நியாயமான கேள்வி, மழுப்ப வேண்டாம். கூகுளின் ஏஐ சுருக்கம் 2024 ஆகஸ்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது, அதில் இடம்பெறத் தனியாக எந்த வித்தையும் தேவையில்லை, வழக்கமான எஸ்.இ.ஓ.வே போதும் என்பதுதான் கூகுளின் நிலை. "பம்ப் எப்படி வேலை செய்கிறது" மாதிரிக் கேள்விகளுக்கு இனி கிளிக் குறையும் என்று நான் நினைக்கிறேன், அதனால் அந்த மாதிரிக் கட்டுரை மாதம் எட்டு என்று விற்காதீர்கள். 600 அடி போருக்கு எந்த மாடல், அதன் விலை என்ன, பக்கத்தில் டீலர் யார் என்று தேடுகிறவன் கடைசியில் கம்பெனிக்குத்தான் வந்தாக வேண்டும்.

இன்னொன்று, இதை நான் எந்த மீட்டிங்கிலும் விடுவதில்லை: டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது? பல கம்பெனிகளில் அது பழைய வெப்சைட்காரர் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய கார்டில் இருக்கும். அவரோடு சண்டை வந்தால் முகவரியே போய்விடும். அதை முதலில் கம்பெனி பெயருக்கு மாற்றுவோம், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல், கூகுள் மேப்பில் உள்ள பிசினஸ் ப்ரொஃபைல் எல்லாமே உங்கள் மெயிலில் இருக்கும், எனக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், நாளைக்கு என்னைப் பிடிக்காவிட்டால் அனுமதியை எடுத்துவிடலாம் என்று சொல்லுங்கள். இதைச் சொன்னதாலேயே கிடைத்த வேலைகள் எனக்கு உண்டு.

விலை. ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள். மறுவடிவமைப்பு ஒரு முறைச் செலவு, மாதாமாதம் எஸ்.இ.ஓ. தனி, ஹோஸ்டிங், புதுப்பித்தல், பேக்கப் எல்லாம் பராமரிப்பு, அதுவும் தனி, அதை எஸ்.இ.ஓ.வோடு குழப்பினால் பிறகு "மாசாமாசம் என்னதான் பண்றீங்க" என்ற கேள்வி வரும். இதற்கு நடுவில் எல்லாரும் மறக்கிற ஒன்று, எழுத்தும் படமும். "அதெல்லாம் நாங்க தர்றோமுங்க" என்பார், சத்தியமாகத் தர மாட்டார், திட்டம் ஆறு மாதம் அந்தரத்தில் நிற்கும். ஒரு நாள் போட்டோகிராபரோடு ஷாப் ஃப்ளோருக்கு வருகிறோம், டெஸ்டிங் பெட், வைண்டிங் செக்ஷன் எல்லாம் நாங்களே எடுக்கிறோம், மாடல் விவரங்களை உங்கள் இன்ஜினியரிடம் உட்கார்ந்து நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று அதற்கும் ஒரு விலை போடுங்கள். விலையை நாளால் கணக்கிடுங்கள்: 25 நாள் வேலை, நாளுக்கு 3,000 என்று வைத்தால் 75,000, இது உதாரணம்தான், உங்கள் நாள் கூலி உங்களுக்குத்தான் தெரியும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தனி என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், டிடிஎஸ் (வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். கடைசித் தவணை பத்து சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டாம், அது பெரும்பாலும் வராத பணம்.

உங்கள் 22 பக்கத்தை இரண்டாகக் குறையுங்கள். முதல் பக்கத்தில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், எந்த டீலர், எந்த மாடல் என்று. கீழே நீங்கள் பார்த்த மூன்று ஓட்டைகள். இரண்டாம் பக்கத்தில் என்ன செய்வீர்கள், எத்தனை நாள், எவ்வளவு, எதைச் செய்ய மாட்டீர்கள். தயங்குகிறார் என்றால் முழு வேலையையும் கேட்காமல் சின்னத் தொகைக்கு ஆய்வு மட்டும் கேளுங்கள், இலவசமாக மட்டும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டைத்தான் மனிதன் படிப்பான். ஆய்வில் மறுவடிவமைப்பே தேவையில்லை, படிவத்தையும் மேப் முகவரியையும் நாலு மாடல் பக்கத்தையும் சரிசெய்தால் போதும் என்று தெரிந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். வேலை சின்னதாகிவிடும், ஆனால் அந்த ஆள் வேறு இரண்டு கம்பெனிக்காரரிடம் உங்கள் நம்பரைக் கொடுப்பார்.

கடைசியாக நேரம். பம்புக்கு சீசன் கோடை, கிணறு வற்றுகிற மாதங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை புதுத் தளத்தை வெளியிடாதீர்கள், தளம் மாறியதும் தேடலில் கொஞ்ச நாள் ஏற்ற இறக்கம் இருக்கும், அது சீசனில் விழக் கூடாது. இன்னொரு பக்கம், ஆடியில் போய்க் கையெழுத்து கேட்டால் நிறைய முதலாளிகள் "ஆவணி பொறக்கட்டுமுங்க" என்பார்கள், அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆவணியில் ஒப்பந்தம், ஆயுத பூஜைக்கு டிசைன் காட்டுவது, கார்த்திகைக்குள் வெளியீடு என்று ஒரு அட்டவணையோடு போனால் உங்களுக்கு அவர்கள் தொழில் தெரிந்திருக்கிறது என்று புரியும். இந்த கம்பெனிக்கு மூன்று வாரம்தானே ஆகிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை. மெயில் போடாமல் போன் செய்யுங்கள், புரொப்போசலைப் பற்றி எதுவும் கேட்காமல் "உங்க வெப்சைட்ல விசாரணைப் படிவம் போட்டுப் பார்த்தேனுங்க, உங்களுக்கு வந்துச்சுங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.